இமயமலைல ஏன் எரிமலையே இல்ல? ஆண்டிஸ்ல மட்டும் வரிசையா இருக்கே

பாதிராத்திரி_படிப்பாளி:
இமயமலை, தென் அமெரிக்காவோட ஆண்டிஸ் மலை, ரெண்டு எடத்துலயும் தட்டும் தட்டும் (பூமியோட மேல் ஓட்டுல இருக்குற பெரிய பாறைத் துண்டுங்க) மோதுதுன்னு தான் போட்டிருக்கு. ஆண்டிஸ்ல எரிமலையா நிக்குது, இமயமலைல ஒண்ணு கூட காணோம். மோதி உரசுற சூட்டுல பாறை உருகி வெளிய வருதுன்னு நினைச்சிட்டு இருந்தேன், அப்படின்னா உலகத்துலயே பெரிய மோதல் நடக்குற எடத்துல தானே ஜாஸ்தி வரணும்? புரியற மாதிரி யாராவது சொல்லுங்கப்பா.

கருங்கல்:
உரசல் இல்ல ப்ரோ, தண்ணி தான் காரணம். ஆண்டிஸ்க்கு அடியில போறது நாஸ்கா தட்டு, அதாவது கடல் தரை. பசால்ட் பாறை, கனமானது, அதனால தென் அமெரிக்காவுக்கு கீழ சொருகிடுது. கோடிக்கணக்கான வருஷம் கடல்ல கிடந்ததுல அதோட கனிமங்களுக்குள்ளயே தண்ணி பூட்டி கிடக்கும். சுமார் 100 கிமீ ஆழம் போனதும் சூடும் அழுத்தமும் சேந்து அந்த தண்ணிய கக்க வைக்குது, அது மேல இருக்குற மேன்டில் (பூமியோட மேலோட்டுக்கு கீழ இருக்குற தடிச்ச அடுக்கு) பாறைக்குள்ள ஏறுது, ஏறினதும் உருகுநிலை இறங்கிடும். கூடுதலா சூடே பண்ணாம பாறை உருகுது பாருங்க, எனக்கு இன்னும் ஆச்சரியம் தான்.
இமயமலைல மோதுறது ரெண்டுமே கண்டம். லேசான பாறை, சுலபமா முங்காது. மடங்கி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி தடிச்சுக்கிட்டே போகுது. சாதாரணமா 35, 40 கிமீ இருக்குற மேலோடு திபெத்துக்கு அடியில 70 கிமீ.

தொல்லுயிர்_தேடி:
மேல சொன்னது சரி, ஆனா அங்க எரிமலையே இருந்ததில்லன்னு நினைச்சிடாதீங்க. சுமார் 5 கோடி வருஷம் முன்னாடி இந்தியா போய் இடிக்கிறதுக்கு முன்ன நடுவுல டெதிஸ் கடல் இருந்துச்சு, அந்த கடல் தரை ஆசியாவுக்கு அடியில போனப்ப இதே கதை தான் அங்கயும். லடாக்ல தெரியிற கிரானைட் அந்த பழைய எரிமலைங்களோட அடிவேர். கடல் தீர்ந்துச்சு, அடுப்பும் அணைஞ்சுது.
எவரெஸ்ட் உச்சியில இருக்குறது சுண்ணாம்புக்கல், அதுவும் ஒரு காலத்துல கடல் தரை தான். மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்ல வச்சா ட்ரைலோபைட் (அழிஞ்சு போன ஓட்டு கடல் பிராணி), கடல் அல்லி (பேரு தான் பூ, இதுவும் கடல் பிராணி) இதுங்களோட உடைஞ்ச துண்டு தெரியும், 40 கோடி வருஷத்துக்கும் பழசு.

பாதிராத்திரி_படிப்பாளி:
அடேங்கப்பா. ஒரு டவுட், தட்டெல்லாம் மாக்மா, அதாவது உருகின பாறை மேல மிதக்குதுன்னு தானே படிச்சோம், அப்போ அந்த மாக்மாவே மேல வரலாமே?

கருங்கல்:
அந்த படத்த வரைஞ்சவங்கள தான் பிடிக்கணும் 😄 மேன்டில் திடமான பாறை தான், நிலநடுக்கத்தோட எஸ் அலை அதுக்குள்ள போகுது, திரவத்துக்குள்ள போகாது. திடமா இருந்தே ரொம்ப மெதுவா நகருது. தட்ட இழுக்குறதுல பெரும்பங்கு கீழ முங்குற ஓரத்தோட எடை, கட்டில்ல இருந்து பாதி சரிஞ்ச போர்வை மீதியயும் இழுத்துட்டு போற மாதிரி.

சும்மா_வந்தேன்:
ஒரு சின்ன திருத்தம், ஆண்டிஸ்லயும் முழுக்க வரிசையா இல்ல. பெரு நாட்டோட நடுவுலயும் வடக்குலயும் எரியிற எரிமலை கிடையாது. அங்க நாஸ்கா தட்டு சரிவா இறங்காம கொஞ்ச தூரம் கிட்டத்தட்ட படுத்தாப்ல மேல் தட்ட ஒட்டியே போகுது, நடுவுல உருகுறதுக்கு சூடான மேன்டிலே மிச்சமில்ல. தண்ணி இருந்தும் வேலைக்காகல.

பாதிராத்திரி_படிப்பாளி:
இப்ப தான் தூக்கம் வரும்னு பாத்தேன், பெரு மேப்ப தொறக்க வச்சிட்டீங்க.