வெள்ளம் புகுந்த சுவரில் பூஞ்சை: பூச்சை எவ்வளவு உயரம் கொத்தணும்?

சென்னை வேளச்சேரி, தரைத்தள வீடு, செங்கல் சுவர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் 3 அடி தண்ணீர், 4 நாள் நின்றது. தண்ணீர் வடிந்தும் ஈரம் நாலரை அடி வரை ஏறியிருக்கு. பீரோவை நகர்த்தினால் பின்னால் கறுப்புப் புள்ளிகள். விரல் பட்டாலே பெயிண்ட் அப்பளமா உதிருது.

7 வயசுப் பிள்ளைக்கு ராத்திரி இருமல், இளைப்பு. வெளியூரில் 2 நாள் இருந்தால் அடங்குது, திரும்பினதும் ஆரம்பிக்குது. டாக்டர் இன்ஹேலர் கொடுத்துட்டார், ஈரத்தைச் சரிபண்ணாமல் தீராதுன்னும் சொல்லிட்டார்.

பிளீச்சிங் பவுடர் கரைசலில் துடைச்சாச்சு. மேலே வெளுத்தது, பூச்சுக்குள்ளே இறங்கலை, 3 வாரத்தில் மறுபடி முளைச்சது. அதுக்கு மேல் டேம்ப் புரூஃப் (ஈரம் தடுக்கும்) பெயிண்ட் 2 கோட் அடிச்சது பெரிய தப்பு, ஈரத்தை உள்ளேயே பூட்டினதுதான் மிச்சம். இலவம்பஞ்சு மெத்தையையும் தூக்கிப் போட்டாச்சு.

இனி செங்கல் தெரிய பூச்சைக் கொத்தப் போறோம். ஈரக்கோட்டுக்கு மேலே இன்னும் எத்தனை அடி எடுத்தால் பூஞ்சை திரும்ப வராது?