ப்ளாட்டில்லா நெல்லியை ஓவியராக்கியது மடமா?

கல்தச்சன்:
ஃப்ளாரன்ஸ் நகரில் சாந்தா மரியா நொவெல்லா அருங்காட்சியகத்தில் 2019 அக்டோபரில் ஒரு படத்தைப் பார்வைக்கு வைத்தார்கள். இயேசுவின் இறுதி இராவுணவு. ஏழு மீட்டர் நீளம், பதின்மூன்று ஆட்கள், எல்லாரும் ஏறக்குறைய ஆளுயரம். வரைந்தவர் ப்ளாட்டில்லா நெல்லி (1524–1588) என்ற கன்னியாஸ்திரி. ஒரு பெண் வரைந்ததாகத் தெரியவந்திருக்கும் இராவுணவு ஓவியங்களில் இதுதான் மிகப் பழையது. செப்பனிட மட்டும் நான்கு வருடம் ஆகியிருக்கிறது. அதுவரை சந்தோஷம்தான். ஆனால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள்: மடம் அவளுக்கு விடுதலை கொடுத்ததாம், மடம்தான் அவளை ஓவியராக்கியதாம்.

எனக்கு இது ஒப்பவில்லை. துணி வியாபாரியின் மகள். 1538-இல் மடத்துக்குள் போகும்போது வயது 14. பெண்ணைப் பெற்றவன் சீதனத்துக்காகச் சேமிக்கவென்றே 1425-இல் அரசு ஒரு நிதியம் தொடங்கிய ஊர் அது. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுப்பதைவிட மடத்துக்குக் கொடுப்பது எவ்வளவோ குறைவு. இதில் பக்தி எவ்வளவு, பணக்கணக்கு எவ்வளவு?

போன இடமாவது நல்ல இடமா? சவனரோலா என்ற தொமினிக்கன் துறவியின் சீடர்கள் தொடங்கிய மடம். 1497 பிப்ரவரி 7-ஆம் தேதி, கார்னிவல் கடைசி நாளில், ஊர் நடுச் சதுக்கத்தில் ஓவியங்களையும் புத்தகங்களையும் இசைக்கருவிகளையும் முகம்பார்க்கும் கண்ணாடிகளையும் சீட்டுக்கட்டுகளையும் குவித்துக் கொளுத்த வைத்த அதே சவனரோலா. கலையைக் கொளுத்தியவன் பேரால் நடந்த மடம் ஓர் ஓவியரை வளர்த்தது என்கிறார்கள். யாராவது விளக்குங்கள்.

மல்லி:
விளக்குகிறேன். சவனரோலா எரித்தது எல்லாப் படத்தையும் அல்ல. மரியாளைப் பட்டும் நகையுமாக வேசிக் கோலத்தில் வரைகிறீர்கள் என்றுதான் ஓவியர்களை மேடையிலேயே திட்டினார். எளிய உடையில், பார்ப்பவரை ஜெபத்துக்கு இழுக்கிற படம் வேண்டும் என்றார். துறவிப் பெண்கள் சோம்பி உட்காராமல் பக்திப் படங்கள் வரையட்டும் என்று ஊக்கப்படுத்தியவரும் அவரே. நெல்லி சேர்ந்த புனித கேத்தரின் மடத்தில் ஓவியம் அன்றாட வேலைகளில் ஒன்று. அவளிடம் கற்றுக்கொண்டு வரைந்த சகோதரிகளும் உண்டு. வெளியே அந்த வயதுப் பெண்ணுக்கு எந்தப் பட்டறையில் கதவு திறந்தது?

இன்னொன்று. கல்யாணம் ஆகியிருந்தால் பதினாறு பதினேழு வயதில் கையில் குழந்தை. பிரசவத்தில் செத்தவர்கள் எத்தனையோ பேர். நெல்லி 64 வயதுவரை வாழ்ந்தாள், மூன்று முறை மடத்தலைவியாக இருந்தாள், வரைந்து கொண்டும் இருந்தாள்.

குறும்பன்:
ஆக, புருஷன் இல்லாததுதான் முதல் தகுதி. நம்ம வீட்டு அம்மணி இதைப் படிக்காம பார்த்துக்கணும்.

பழைய வாத்தியார்:
இருவரும் சவனரோலாவை ஒரே நாள் மனிதராகப் பார்க்கிறீர்கள். 1491-இல் ஃப்ளாரன்ஸின் சான் மார்க்கோ மடத்தின் தலைவர் ஆனார். 1494-இல் ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பம் ஓடியபின் நகர அரசியலே அவர் பேச்சைச் சுற்றி நடந்தது. 1497 மே மாதம் போப் ஆறாம் அலெக்சாண்டர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். 1498 மே 23 அன்று, குவியல் எரிந்த அதே சதுக்கத்தில் தூக்கிலிட்டு உடலையும் எரித்தார்கள். சாம்பலை ஆர்னோ ஆற்றில் போட்டார்கள், எலும்புத் துண்டைக்கூட எவரும் எடுத்து வைத்துக் கும்பிடக்கூடாது என்பதற்காக.

கும்பிட்டார்கள். அதுதான் விஷயம். நெல்லி பிறக்கும்போது அவர் செத்து 26 வருடம். ஆனாலும் மெதிச்சிகள் திரும்பி வந்து கோசிமோ ஆட்சி நடத்தும்போது, சவனரோலா நினைப்பு இன்னும் புகைகிறது என்று சான் மார்க்கோ துறவிகளை 1545-இல் வெளியேற்றினார் (பிறகு திரும்பிவிட்டார்கள், அது வேறு கதை). நெல்லியின் மடம் சான் மார்க்கோ சதுக்கத்திலேயே இருந்தது. அவளுக்கு அப்போது 21 வயது. உடன்பிறந்த கோஸ்தான்சாவும் அதே மடத்தில் பெத்ரோனில்லா என்ற பெயரில் இருந்தாள். சவனரோலாவின் வாழ்க்கை வரலாற்றைக் கைப்படப் பிரதியெடுத்தவள் அவள். ஆகவே இந்தப் பெண்கள் ஏதோ ஒதுக்குப்புறத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். ஆட்சியாளர் வெறுத்த ஒரு கட்சியின் நினைவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

கல்தச்சன்:
வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்னது எல்லாம் சரி, ஆனால் என் கேள்விக்குப் பதில் இல்லை. மடம் கொடுத்த பயிற்சி என்ன? ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரியே அந்நூலின் 1568 பதிப்பில் போட்டு உடைக்கிறார்: ஆண்களைப்போல் படிக்கவும் உயிருள்ள உடலைப் பார்த்து வரையவும் வசதி கிடைத்திருந்தால் இவள் அற்புதம் செய்திருப்பாள் என்று. அவளுடைய பெண் முகங்கள் ஆண் முகங்களைவிட நன்றாக இருப்பதற்கும் காரணம் சொல்கிறார்: பெண்களை ஆற அமரப் பார்க்க முடிந்தது, ஆண்களை முடியவில்லை. இராவுணவில் சீடர்கள் சிலர் முகத்தில் தாடியை எடுத்துவிட்டால் மடத்துச் சகோதரிகள்தான். இதுவா விடுதலை?

இத்தாலியின் கிரெமோனா ஊரில் சோஃபோனிஸ்பா ஆங்குவிஸ்ஸோலா என்ற பெண் ஓவியர் எந்த மடத்துக்கும் போகவில்லை. அப்பா ஓவியர்களிடம் அனுப்பிப் படிக்க வைத்தார். 1559-இல் ஸ்பெயின் அரண்மனைக்கே அழைப்பு வந்தது. மடத்துக்கு வெளியிலும் வழி இருந்தது.

தூரிகைக்காரன்:
நான் வரலாறு படிச்சவன் இல்லை, பேனர் வரைஞ்சு பொழைச்சவன். அதனால எனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்றேன். இருபத்துமூணு அடி நீளத்துல ஆளுயர உருவங்களை வரையறதுன்னா சாரத்துமேல ஏறி நிக்கணும். கிட்டக்க நின்னா மூக்கு மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. இறங்கணும், தள்ளிப்போய்ப் பாக்கணும், திரும்ப ஏறணும். இதைச் சின்னச் சின்ன பக்திப் படம் போட்டுப் பழகின ஒரு கை திடீர்னு செய்யாது. வசாரியே சொல்றாரே, முதல்ல நுண்ணோவியம், அப்புறம்தான் பெரிய பலகைன்னு. படத்தைச் செப்பனிட்ட அம்மா, தூரிகையை நிறைய நனைச்சு தைரியமா இழுத்திருக்காங்கன்னு சொல்லியிருக்காங்க. பயந்த கை அப்படி இழுக்காது சார்.

அந்த மேசையைப் பாருங்க. ஆட்டுக்கறி இருக்கு, லெட்டூஸ் இருக்கு, பச்சை அவரை மாதிரி ஃபாவா பயறு இருக்கு, ரொட்டி, ஒயின், உப்புக் கிண்ணம். வெள்ளை விரிப்புல பெட்டியில மடிச்சு வெச்சிருந்த மடிப்புக்கோடு அப்படியே நிக்குது. துவைச்சு மடிச்சு வெச்ச கைக்குத்தான் அந்தக் கோடு எங்க விழும்னு தெரியும்.

அப்புறம், பயிற்சி இல்லைங்கறது முழுசா சரியில்லை. ஃப்ரா பார்தொலொமேயோன்னு ஒரு துறவி. சவனரோலா பேச்சைக் கேட்டு தன் நிர்வாண உருவப் படிப்புகளையே தீயில போட்டவரு. 1500-ல சபையில சேர்ந்து சில வருஷம் தூரிகையே தொடலை, அப்புறம் திரும்ப ஆரம்பிச்சாரு. அவரோட கோட்டோவியங்கள் சீடர் ஃப்ரா பாவோலினோ கைக்குப் போய், அங்கேர்ந்து நெல்லிகிட்ட வந்துச்சு. நூத்துக்கணக்குல. ஒரு பெரிய பட்டறையோட மூலதனமே அதுதான், கை எப்படித் திரும்பும், துணி எப்படி விழும்னு எல்லாம் அதுல இருக்கும். துணி மடிப்பு வரையறதுக்குன்னே ஆளுயர மரப்பொம்மை வெச்சிருந்தாரு பார்தொலொமேயோ, மூட்டுக்கு மூட்டு மடங்குமாம். அது மட்டும் வசாரிகிட்ட போயிடுச்சு, புழு அரிச்சு. நெல்லிக்கு வந்திருக்கணும்.

குறும்பன்:
கொளுத்தினது போக மிச்சம் இருந்த பேப்பர்ல ஒரு பொண்ணு படிச்சிருக்கு. கல்தச்சன் சார், உங்க முதல் கேள்விக்கு இதுவே பதில் இல்லையா?

மல்லி:
தூரிகைக்காரன் அண்ணா, நன்றி. இப்போது சோஃபோனிஸ்பாவுக்கு வருகிறேன். அவள் பெரிய ஓவியர், சந்தேகமே இல்லை. ஆனால் அவள் வரைந்ததில் பெரும்பகுதி முகச்சித்திரங்கள். ஏன்? வெளியுலகம் ஒரு கௌரவமான குடும்பத்துப் பெண்ணிடம் கேட்டது அதைத்தான். சரித்திரக் காட்சி, பலிபீடப் படம், பதின்மூன்று ஆண்கள் உட்கார்ந்த ஏழு மீட்டர் மேசை, இதையெல்லாம் எந்தப் பிரபு ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தான்? போலோனியாவில் ப்ரோபெர்ட்சியா தே ரொஸ்ஸி கல்லில் செதுக்கினாள். போட்டி ஓவியர் ஒருவன் அவளுக்கு எதிராகப் பேசியதில் வேலைக்குச் சொற்பக் கூலிதான் கிடைத்தது என்று வசாரி எழுதுகிறார். 1530-இல் இறந்துபோனாள். வெளியே இருந்தவர்கள் நிலையும் இதுதான்.

நெல்லிக்கு அந்தப் படத்தை யார் கேட்டது? அவள் மடத்துச் சாப்பாட்டு அறைக்காக வரைந்தது அது. கேட்டதும் பார்த்ததும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்ட பெண்கள். ஆண்கள் குழு கூடி, இவளுக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை. நான் மடத்தைப் புனிதமாக்கவில்லை. அங்கே சுவரும் பூட்டும் இருந்தன, சுவரை நிரப்பும் அதிகாரமும் அவர்களிடமே இருந்தது என்கிறேன்.

பழைய வாத்தியார்:
பூட்டு என்றதும் ஒன்று சேர்க்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கத்தின் கடைசி அமர்வு, 1563 டிசம்பர். ஒரே அமர்வில் இரண்டு ஆணைகள் வந்தன. ஒன்று, கோயில்களில் படங்கள் எப்படி இருக்கவேண்டும் என்பது பற்றி: சீர்திருத்தவாதி சுவிங்கிளியின் சூரிக் நகரில் கோயில் படங்களை அகற்றிச் சுமார் நாற்பது வருடம் கழித்து, படங்கள் வேண்டும், ஆனால் ஒழுங்காக வேண்டும் என்று ரோம் சொன்னது. மற்றொன்று கன்னியர் மடத்துக் கதவை இறுக்கியது. மூன்று வருடம் கழித்து போப் ஐந்தாம் பயஸ் அதை இன்னும் இறுக்கினார். படத்துக்கு அனுமதி, படம் வரையும் பெண்ணுக்குத் தாழ்ப்பாள். நெல்லிக்கு அப்போது நாற்பது வயது. இராவுணவு வரைந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

கல்தச்சனுக்குச் சாதகமாகவும் ஒன்று: அதே சங்கம்தான் பதினாறு வயதுக்கு முன் துறவற வாக்குறுதி கூடாது என்றது, பெண்களை வற்புறுத்தி மடத்தில் தள்ளுபவர்களுக்குத் திருச்சபை விலக்கம் என்றும் சொன்னது. வற்புறுத்தல் நடக்காமலா தண்டனை எழுதுவார்கள்?

கல்தச்சன்:
அதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன்! ஆனால் மல்லி சொன்ன சாப்பாட்டு அறை வாதம் வலுவானது, மறுக்க முடியவில்லை. நான் விடாமல் பிடித்துக்கொள்வது வேறு ஒன்றை. சான் மார்க்கோ அருங்காட்சியகத்தில் அவள் வரைந்த இன்னொரு படம் இருக்கிறது. சிலுவையிலிருந்து இறக்கிய கிறிஸ்துவைச் சுற்றிப் பெண்கள் அழுகிறார்கள். அவர்கள் கண்ணைப் பாருங்கள். அழுது அழுது இமை சிவந்திருக்கிறது, கன்னத்தில் துளி நிற்கிறது. பார்தொலொமேயோ தாளில் இதற்கு என்ன உதவி கிடைத்திருக்கும்? செந்நிறமும் ஈரமும் கோட்டோவியத்தில் வராது. அழுகிற பெண்ணைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் வரைந்தது. அதை எந்த மடமும் எந்தச் சாமியாரும் கொடுக்கவில்லை. அது அவள் கண், அவள் ஆசை.

மல்லி:
அழுகிற பெண்கள் எங்கே இருந்தார்கள் சார்? மடத்தில்தானே.

கல்தச்சன்:
வீட்டிலும் அழுவார்கள் அம்மா.

தூரிகைக்காரன்:
இராவுணவுப் படத்துல மேல இடது பக்கம் கையெழுத்து இருக்கு. பேரைப் போட்டு, "வரைந்தவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்"னு எழுதியிருக்கா. பக்திக்காக மட்டும் வரைஞ்சவ பேர் எதுக்குப் போடணும்? பேருக்காக மட்டும் வரைஞ்சவ வேண்டுதல் எதுக்குக் கேக்கணும்? ரெண்டும் ஒரே வரியில இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டு சண்டை போடறீங்க.

மல்லி:
நான் பாதி எடுக்கவில்லை அண்ணா. அந்த வரியைத் தினம் வாசித்து உண்மையாகவே வேண்டிக்கொண்டவர்கள் அந்த அறையில் இருந்தார்கள், அதைத்தான் சொல்கிறேன்.

கல்தச்சன்:
சரி, அப்படியானால் ஒரு கணக்கு பாக்கி. ஃப்ளாரன்ஸ் கனவான்கள் வீடுகளில் இவள் படங்கள் எக்கச்சக்கம், எல்லாவற்றையும் சொன்னால் அலுத்துவிடும் என்று வசாரி எழுதினார். இன்று இவள் கை என்று உறுதியாகச் சொல்லும் படங்கள் கொஞ்சம்தான். சாப்பாட்டு அறைப் படத்தில் பெயர் இருந்தது, அதனால் தப்பியது. விற்றுப் பணம் மடத்துக்குப் போன மற்ற படங்கள் எங்கே? எவன் வீட்டுச் சுவரில் எவன் பேரில் தொங்குகின்றன?

பழைய வாத்தியார்:
நல்ல கேள்வி. மடத்தில் சேர்ந்து வரைந்த சகோதரிகளின் கையையும் அவள் கையையும் பிரிப்பதே பெரிய வேலை. தேடுகிறவர்கள் பார்தொலொமேயோவின் கோட்டோவியங்களோடு ஒப்பிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டியிருக்கும். ஒரே முழங்கை, ஒரே துணி மடிப்பு திரும்ப வருகிறதா என்று.

குறும்பன்:
அதுக்குள்ள அந்தக் கனவான் வீட்டுப் பேரப்பிள்ளைங்க ஏலத்துல வித்துருப்பாங்க.