கடலூர் முதுநகருக்குக் குடிவந்த பிறகு விடாத தும்மல், இரவு இருமல், வீசிங்: வீட்டு ஓதமா, சிப்காட் காற்றா?

புதுக்குடி (கேள்வி)

தருமபுரிப் பக்கமிருந்து ஜூன் மாதம் முதுநகருக்கு வீடு மாறிய குடும்பம். நான்கு பேரில் இருவருக்குத் தொந்தரவு.

38 வயதுப் பெண். அங்கே வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வந்த மூக்கடைப்பு இங்கே தினமும். எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், விடியற்காலை 3 மணிக்கு இருமல், நெஞ்சில் விசில் சத்தம். 9 வயதுப் பையனுக்கு ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து இருமல். இரண்டு தடவை நெபுலைசர் வைக்க வேண்டிவந்தது. இருவருக்கும் அலர்ஜி மாத்திரையான செடிரிசின் இரண்டு மாதமாக ஓடுகிறது. தும்மல் கொஞ்சம் அடங்கும், இருமல் அடங்காது.

வீடு தரைத்தளம், வாடகை. படுக்கையறையின் மேற்குச் சுவரில் இரண்டடி உயரத்துக்கு ஓதம், உப்பு பூத்திருக்கிறது. சில இரவுகளில் தெற்கேயிருந்து, சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து, அழுகின முட்டை வாடை வரும். கொசுவர்த்தி தினமும் ஒன்று.

"ஊர்க் காத்து ஒத்துக்கலை, போகப் போகச் சரியாயிடும்" என்கிறார்கள். எதை முதலில் பார்ப்பது, எந்தப் பரிசோதனை, எந்த வரிசையில்? வீட்டையே மறுபடி மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது என்ன?

செங்கல்_சுண்ணாம்பு

சுவரிலிருந்து ஆரம்பிங்க. முதல்ல ஓதம் எங்கேயிருந்து வருதுன்னு தெரியணும். ஓரடிக்கு ஓரடி அலுமினியத் தாள் எடுத்து, ஈரமான இடத்துக்குப் பக்கத்துல சுவரில் ஒட்டி, நாலு ஓரத்தையும் டேப்பால இறுக்கி மூடிடுங்க. 48 மணி நேரம் கழிச்சுப் பிரிச்சுப் பாருங்க. சுவரைத் தொட்ட பக்கம் நீர் கோத்திருந்தா ஈரம் சுவருக்குள்ளேயிருந்து வருது. அறைப் பக்கம் மட்டும் நனைஞ்சிருந்தா காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்து படியுது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

உப்பு எப்படிப் பூத்திருக்குன்னு கிட்டப்போய்ப் பாருங்க. தரையிலிருந்து ஒன்றரை, ரெண்டடி உயரத்துல நேர்கோடு போட்ட மாதிரி, பஞ்சு ஒட்டினாப்ல வெள்ளையா நின்னா, அடிமானத்திலிருந்து ஏறுற ஈரம். பழைய வீடுகள்ல தரைமட்டத்துல ஈரத்தடுப்புப் பூச்சு இருக்காது. கடற்கரை மணலையும் உவர்நீரையும் வச்சுக் கட்டினதா இருந்தா, சுவருக்குள்ளேயே உப்பு இருக்கும். அது காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கும். மேல பட்டி பார்த்து எனாமல் பெயின்ட் அடிச்சா ஒரு மழைக்குக் கூடத் தாங்காது. ஈரம் வெளியேற வழியில்லாம இன்னும் ஓரடி மேல ஏறும். இதைத்தான் எல்லா வீட்டுக்காரரும் செய்றாங்க, சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. சரியான வேலை: ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இணைப்பைச் சுரண்டி, கோடையில ஒரு மாசமாவது காயவிட்டு, நீர்தடுப்புக் கலவை சேர்த்துப் புதுப் பூச்சு பூசணும். அடைமழையில இதைத் தொடாதீங்க.

வாடகை வீட்டுல இப்போதைக்குச் செய்யக்கூடியது: அந்தச் சுவரில் ஒட்டியிருக்கிற கட்டில், பீரோ, துணி மூட்டை எல்லாத்தையும் அரையடி தள்ளி வைங்க. பீரோவுக்குப் பின்னாடிதான் கறுப்புப் பூஞ்சை அதிகம் இருக்கும். காய்ஞ்ச துடைப்பத்தால தட்டாதீங்க, வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைச்சு, தெளிஞ்ச நீரைத் துணியில நனைச்சுத் தடவி, பதினைஞ்சு நிமிஷம் விட்டு, வெறும் தண்ணியில துடைச்சு எடுங்க. என்.95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கிட்டு, சன்னலைத் திறந்துவச்சுச் செய்யணும். தொந்தரவு இருக்கிற ரெண்டு பேரும் அன்னைக்கு முழுக்க வேற வீட்டுல இருக்கட்டும். கழிப்பறை ஆசிட் எதையும் அதோட சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

முந்நூறு நானூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கும், வாங்கிப் படுக்கையறையில வைங்க. மழைக்காலத்துல இங்கே பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மழைன்னு துணியை அறைக்குள்ள காயப்போட்டா, ஒரு மெஷின் துணியிலிருந்து ரெண்டு லிட்டர் தண்ணி அந்தக் காத்துல கலக்குது. ஏர்கூலர் இருந்தா எடுத்து வச்சிடுங்க, அது ஈரத்தைத்தான் ஊதும். ஏ.சி. இருந்தா 'டிரை' நிலையில படுக்கப்போறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ஓட்டுங்க, வடிகட்டியைப் பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை கழுவுங்க.

நெஞ்சகப்பிரிவு_புதுவை

மேலே சொன்னதோடு படுக்கையையும் சேருங்கள். எழுந்தவுடன் தும்மல், விடியற்காலை இருமல் என்ற வடிவம் படுக்கைத் தூசிப்பூச்சியைத்தான் முதலில் காட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சிக்கு 70, 80 சதவீத ஈரப்பதம் ஏற்றது. 50-க்குக் கீழே இறங்கினால் வற்றிச் சாகும். தருமபுரி போன்ற வறண்ட ஊரில் அடங்கிக் கிடந்த அலர்ஜி கடற்கரைக்கு வந்ததும் கிளம்புவதற்கு இதுவே முதல் காரணம்.

பழைய இலவம்பஞ்சுத் தலையணையை விட்டுவிடுங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கி நெய்த, ஜிப் வைத்த உறை போடுங்கள். ஜிப்பின் முனை வரை மூட வேண்டும். அரை அங்குலம் திறந்திருந்தாலும் ஒவ்வொரு தடவை புரளும்போதும் அந்த வழியாகத் தூசி முகத்துக்கு அடிக்கும். விரிப்பையும் உறையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். கொதிநீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் கிட்டத்தட்ட அந்தச் சூடு வரும். வெறும் தண்ணீரில் அலசினால் பூச்சி சாகாது. கொசுவர்த்தியை இன்றே நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 சிகரெட்டுக்குக் குறையாது என்று அளந்திருக்கிறார்கள். அதற்குப் பதில் கொசுவலை.

கொசுவலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கரையோரம் யானைக்கால் நோய் நெடுங்காலம் இருந்த பகுதி. புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் 1981 முதல் 1985 வரை அந்தக் கொசுவைக் கட்டுப்படுத்தவே பெரிய திட்டம் நடத்தியது. யானைக்கால் புழுவுக்கு நுரையீரல் காட்டும் ஒவ்வாமையால் இரவு இருமலும் வீசிங்கும் வரலாம். பார்த்தால் ஆஸ்துமா மாதிரியே இருக்கும். ஐந்து மாதம் அதற்குக் குறைந்த காலம்தான். ஆனாலும் ஒரே ரத்தப் பரிசோதனையில் ஒதுக்கிவிடலாம் என்பதால் விடக்கூடாது. ரத்தத்தில் ஈயோசினோபில் என்ற வெள்ளையணுவின் மொத்த எண்ணிக்கை கேளுங்கள். 500-க்குள் இயல்பு. அலர்ஜியில் சற்றுக் கூடும். 3000-ஐத் தாண்டினால் அந்த நோயைத் தேட வேண்டும், அதற்கு டி.இ.சி. என்ற யானைக்கால் புழு மாத்திரை 21 நாள், மருத்துவர் மேற்பார்வையில். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போடுவதற்கு முன்னால் ரத்தம் கொடுத்துவிடுங்கள். போட்டுவிட்டால் எண்ணிக்கை தற்காலிகமாக இறங்கி ஏமாற்றும். மருந்துக் கடையில் 'இளைப்புக்கு' என்று பொட்டலமாகக் கொடுக்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்பதால் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் சேர்த்து எடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பரிசோதனை இலவசம்.

பிறகு பீக் ஃப்ளோ மீட்டர், அதாவது மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவி. நின்றுகொண்டு, முழு மூச்சு இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே வேகத்தில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதிகமானதை எழுதுங்கள். காலை எழுந்ததும் ஒன்று, மாலை ஒன்று, இரண்டு வாரம். மருந்துக்கு முன்னால் எடுக்க வேண்டும். காலை, மாலை அளவுகளின் வித்தியாசம் அவற்றின் சராசரியில் எத்தனை சதவீதம் என்று தினமும் கணக்கிடுங்கள். அது பல நாள் சராசரியில் பெரியவர்களுக்கு 10 சதவீதத்துக்கு மேலும், சிறுவர்களுக்கு 13-க்கு மேலும் போனால் ஆஸ்துமா பக்கம் சாய்கிறது. செடிரிசின் மூக்குக்குத்தான் உதவும், மூச்சுக்குழாய் வீக்கத்தை இறக்காது. இருமல் அடங்காததற்குக் காரணம் அதுதான்.

உப்பனாற்றோரம்

காற்றையும் விட்டுவிட முடியாது. முதுநகருக்குத் தெற்கே சிதம்பரம் சாலையில் குடிகாடு, ஈச்சங்காடு பக்கம்தான் சிப்காட். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் போட்ட மாசுக் குறியீட்டுக் கணக்கில் கடலூருக்கு நூற்றுக்கு 77.45, எழுபதைத் தாண்டினாலே மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதி. 2004-லேயே அந்த ஊர்மக்கள் வாளியும் பையும் வைத்துத் தாங்களே காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இங்கே வாடையைக் குறித்துவைக்கும் பழக்கம் அவர்கள் போட்ட பாதை.

அழுகின முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. 2009-ல் வந்த தேசியக் காற்றுத் தர அளவுகோலில் 12 மாசுகள் உண்டு, இது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் செல்போன் செயலியில் காற்று 'நன்று' என்று பச்சையாகக் காட்டும்போதே மூக்கில் வாடை அடிக்கலாம். இரண்டும் பொய் இல்லை, அளப்பது வேறு.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, வாடை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எப்படிப்பட்ட வாடை (அழுகின முட்டையா, தின்னரா, அழுகின முட்டைக்கோசா), காற்றின் திசை. மொட்டைமாடிக் கம்பியில் ஒரு துணிக்கீற்று கட்டினால் திசை தெரியும். அதே பக்கத்தில் பீக் ஃப்ளோ அளவு. காற்றோட்டமே இல்லாத பின்னிரவில் தரையை ஒட்டிய குளிர்க்காற்றில் வாடை தேங்கும். அதனால் நடு இரவில் சன்னலை மூடுங்கள். ஓதத்துக்குச் சன்னல் திறக்க வேண்டும் என்றால் முற்பகல் 11 முதல் மாலை 4 வரை திறங்கள். ஒரு நாளில் ஈரப்பதம் குறைவாக இருக்கும் நேரமும் அதுதான்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதானால் ஹெப்பா வடிகட்டி துகளை மட்டும் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் மணிக்கு 170 கன மீட்டராவது சுத்தம் செய்வதாக இருக்க வேண்டும். ஓசோன் விடும் வகை வேண்டவே வேண்டாம், அதுவே மூச்சுக்குழாயை எரிக்கும்.

வாடை கடுமையாக வந்த இரவுகளைத் தேதி, மணியோடு எழுதி மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். 'அடிக்கடி நாறுகிறது' என்று எழுதினால் விசாரிக்க அவர்களுக்கு எதுவும் கிடைக்காது. 'இந்தத் தேதி இரவு 1.40 முதல் 3.10, தென்காற்று' என்று எழுதினால் அந்த நேரத்தில் எந்த ஆலையில் என்ன ஓடியது என்று கேட்க அவர்களுக்கு வழி கிடைக்கும்.

புதுக்குடி

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரக் கணக்கு இதோ. அலுமினியத் தாளில் சுவர்ப் பக்கம்தான் நீர். அறை ஈரப்பதம் 78 முதல் 86. பெண்ணுக்கு ஈயோசினோபில் 780, எக்ஸ்ரேயும் சளியும் சரி. பீக் ஃப்ளோ காலையில் சராசரி 260, மாலையில் 340. வாடை வந்த இரவு நான்கு; மறுநாள் காலை அளவு சராசரி 245. வாடை இல்லாத பத்து இரவுகளுக்குப் பிறகு 266. உறை, வெந்நீர், கொசுவலை மூன்றும் இந்த வாரம்தான் தொடங்கியிருக்கின்றன. பையனுக்கு இன்னும் ஒழுங்காக ஊத வரவில்லை.

நெஞ்சகப்பிரிவு_புதுவை

நல்ல பதிவு. 260-க்கும் 340-க்கும் வித்தியாசம் 80. சராசரியான 300-இல் அது 27 சதவீதம். 780 என்பதும் அலர்ஜிக்குப் பொருந்துகிறது, யானைக்கால் பக்கம் இல்லை. வாடை இல்லாத இரவிலும் காலை அளவு இவ்வளவு இறங்குவதால் அடிப்படைக் காரணம் படுக்கையறைதான். வாடை அதன்மேல் கொஞ்சம் கூட்டுகிறது. ஆகவே இப்போதே ஊரை மாற்ற வேண்டியதில்லை. முதலில் அறையை மாற்றுங்கள். அந்த மேற்குச் சுவர் இல்லாத அறையில் இருவரும் படுக்கட்டும். கோடைக்குள் வீட்டுக்காரர் பூச்சை எடுக்க ஒத்துக்கொள்ளாவிட்டால் மாடி வீடு தேடுங்கள். முதுநகரைவிட மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூர் பக்கம் சிப்காட்டுக்குத் தூரம்.

பெண்ணுக்கு ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை, எடுத்துவிடுங்கள். கோரிமேடு ஜிப்மரில் வசதி உண்டு. அதற்கு முந்தைய 4 மணி நேரம் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து எடுக்கக் கூடாது. அந்த மருந்து கொடுத்த பின் ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு 12 சதவீதமும் 200 மில்லி லிட்டரும் கூடினால் ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. மருத்துவர் இன்ஹேலர் எழுதினால் அது பழக்கமாகிவிடும் என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம். எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வராது. மூக்குத் தெளிப்பான் கொடுத்தால் தலையைக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், வெளிப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் கசியும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். அடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு ஐந்து நாளுக்கு மேல் கூடாது, பிறகு அதுவே அடைக்கும்.

பையனை இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு தடவை நெபுலைசர் என்பது காத்திருக்கக்கூடியது அல்ல. வீட்டில் ஸ்பேசரும் (இன்ஹேலரில் பொருத்தி மூச்சிழுக்கும் குழாய்) சால்பியூட்டமால் இன்ஹேலரும் இருக்கட்டும். இளைப்பு வந்தால் ஒரு அழுத்தம், ஸ்பேசரில் ஐந்து மூச்சு, மறுபடி ஒரு அழுத்தம் என நான்கு. இருபது நிமிஷத்தில் குறையவில்லை என்றால் அதையே திரும்பக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புக்கு இடையே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எதற்கும் காத்திராமல் 108.