டெங்கு பிளேட்லட் எண்ணிக்கை: ஈரத்தட்டில 20 நிமிஷமா, 5 நிமிஷமா?

வாவிக்கரையான்
பக்கத்துத் திரியில ‘சம்மாந்துறை எம்எல்டி’ எண்ட பேரில ஒருத்தர் தீர்ப்பு எழுதி வச்சிருக்கார். எம்.எல்.எஸ் (மருத்துவ ஆய்வுகூட) டிகிரியில, அணு எண்ணுற கட்டம் போட்ட நியூபவர் சேம்பருக்குப் போற நேரம் வீணாம். பிளேட்லட் (இரத்தம் உறைய உதவுற சின்னத் துணிக்கை) எண்ண, கரைச்ச இரத்தத்தைச் சேம்பரில விட்டு, ஈரத்தாள் விரிச்ச மூடித் தட்டில 20 நிமிஷம் வைக்கிறது பழைய புத்தகக் கதையாம், 5 நிமிஷம் தாராளமாம். நாலு பேர் லைக்கும் போட்டிருக்காங்க. டெங்கு காலத்தில இதை வாசிக்கிற பிள்ளைகள் அப்படியே செய்யும்.

0.38 மில்லிலீட்டர் 1% அமோனியம் ஒக்ஸலேட் (சிவப்பணுவை உடைக்கிற திரவம்), 0.02 மில்லிலீட்டர் ஈ.டி.டி.ஏ (உறையாம வைக்கிற மருந்து) போட்ட இரத்தம். 1:20. சிவப்பணு முழுக்க உடையும் வரைக்கும் 10 நிமிஷமாவது கலக்கோணும். சேம்பரில விட்டதும் பிளேட்லட் எல்லாம் 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ள மிதந்துகொண்டு நிக்கும். நாற்பது லென்ஸில ஒரு மட்டம்தான் தெளிவாத் தெரியும். அடியில இறங்கினதைத்தான் எண்ணலாம், மேல மிதக்கிறது கணக்கில வராது. 5 நிமிஷத்தில எண்ணினா குறைச்சுத்தான் வரும். 20 நிமிஷம். இதில பேரம் பேச இடமில்ல.

சம்மாந்துறை எம்எல்டி
வந்துட்டார் வாத்தியார். நாநா, மழை விட்டு தை மாதம் வந்தா லெப்பில டியூப் குவியும். மெசின் ஒரு நிமிஷத்தில எண்ணித் தருது. அதே சாம்பிளைத் திருப்பிப் போட்டாலும் பெருசா மாறாது. கையால எண்ணினா ரெண்டு பேருக்கு ரெண்டு விடை. சர்வதேச ஹெமட்டோலஜி அமைப்புகள் 2001இலேயே பிளேட்லட்டில ஒட்டுற சிடி41, சிடி61 அன்டிபொடி போட்டு ஃப்ளோ சைட்டோமீட்டர் எண்ட லேசர் மெசினில எண்ணுறதை ஒப்பிட்டுப் பாக்கிற ஆதார முறையா ஆக்கிட்டாங்க. நீங்க இன்னும் பெட்ரித் தட்டுக்குள்ள ஈரத்தாள் விரிச்சுக்கொண்டு இருக்கீங்க. 5 நிமிஷம் போதும்.

வாவிக்கரையான்
ஃப்ளோ சைட்டோமீட்டர் எந்தத் தள வைத்தியசாலையில இருக்கு, செல்லுங்க பாப்பம்? அதைப் பிறகு கதைப்பம். முதல் கணக்கு.

ஸ்டோக்ஸ் விதியை (திரவத்தில துணிக்கை இறங்கிற வேகக் கணக்கு) போடுங்க. பிளேட்லட்டுக்கும் திரவத்துக்கும் அடர்த்தி வித்தியாசம் லீட்டருக்குச் சுமார் 40 கிராம். விட்டம் 3 மைக்ரோமீட்டர் எண்டா 0.1 மில்லிமீட்டர் இறங்க ஏறக்குறைய 8 நிமிஷம். விட்டம் 2 எண்டா 17 நிமிஷம். அதுவும் உருண்டை எண்டு வச்சுத்தான், தட்டை வடிவம் இன்னும் மெதுவா இறங்கும். இப்ப செல்லுங்க, 5 நிமிஷத்தில எது அடிக்கு வந்திருக்கும்? 20 எண்டு எழுதினவன் சோம்பேறியா, 5 எண்டு எழுதினவன் சோம்பேறியா?

கல்லடிப்பாலம்
வாவி அண்ணன் செல்றது சரிதான். ஆனா நேரத்தை விட முக்கியமான ஒண்டை ரெண்டு பேரும் விட்டுட்டீங்க. மூடுகண்ணாடி. சிலைட்டுக்குப் போடுற மெல்லிய கவர் ஸ்லிப்பைச் சேம்பரில போடுறாங்க, அது வளையும், 0.1 எண்ட ஆழமே பொய்யாப் போகும். சேம்பருக்கெண்டே வாற தடிச்ச கண்ணாடியை அழுத்தி, ரெண்டு ஓரத்திலயும் வானவில் மாதிரி நியூட்டன் வளையம் தெரியோணும். வளையம் இல்லாம 20 நிமிஷம் வச்சென்ன, ஒரு மணித்தியாலம் வச்சென்ன?

வாவிக்கரையான்
வளையம் வேணும். வளையத்தோட 20 நிமிஷமும் வேணும்.

சம்மாந்துறை எம்எல்டி
ஸ்டோக்ஸ் விதி படிச்சது நீங்க மட்டும் இல்ல. நுணுக்குக்காட்டியில ஃபைன் நொப் எண்டு ஒண்டு இருக்கு, தெரியுமா? மேலயும் கீழயும் ஃபோகஸ் பண்ணி எண்ணினா மிதக்கிறதும் கண்ணுக்குப் படும். இதுக்கு 20 நிமிஷம் எதுக்கு?

வாவிக்கரையான்
நொப்பைத் திருப்பத் திருப்ப அது அசையும், ஒண்டை ரெண்டு தரம் எண்ணுவீங்க, தூசியையும் சேர்த்து எண்ணுவீங்க. அமோனியம் ஒக்ஸலேட் போத்தல் வடிகட்டாமக் கிடந்தா பக்டீரியாவும் பளபளக்கும். இறங்கின பிளேட்லட் ஒரே மட்டத்தில நிக்கும், கொண்டென்சரைப் பதிச்சா அதன்ட மினுக்கம் தனியாத் தெரியும். அதுக்குத்தான் அந்த 20 நிமிஷம்.

எட்டாம் வாட்
குறுக்க வாறதுக்கு மன்னிக்கோணும். டெங்கு நோயாளியில நாங்க முழிச்சிருந்து பாக்கிறது பிளேட்லட்டை இல்ல, பி.சி.வி.யை (இரத்தத்தில சிவப்பணு எத்தனை வீதம் எண்ட அளவு). பிளேட்லட் ஒரு லட்சத்துக்குக் கீழ போனா ஆபத்தான கட்டம் கிட்ட வருது எண்டு உசாராகிறம், அவ்வளவுதான். திரவம் கசியுதா எண்டு காட்டுறது பி.சி.வி 20% ஏறுறது. நீங்க 18,000மா 22,000மா எண்டு சண்டை பிடிக்கிறதால வாட்டில சிகிச்சை மாறாது.

வாவிக்கரையான்
டொக்டர், அப்ப ஒவ்வொரு நாளும் பிளேட்லட் கேட்டு ஏன் போம் அனுப்புறீங்க? அந்தப் பி.சி.வி.யும் எங்கட கையாலதான் வருது. கெப்பிலரிக் குழாயை முக்கால் நிரப்பி, நுனியை ஒழுங்கா அடைச்சு, 5 நிமிஷம் மெசினில சுத்தோணும். அடைப்பு லேசா இருந்தா சிவப்பணு கசிஞ்சு பி.சி.வி குறைஞ்சு காட்டும், நீங்க “கசிவு இல்ல” எண்டு நிம்மதியா இருப்பீங்க. அங்க 5 நிமிஷம், இங்க 20 நிமிஷம். ரெண்டையும் மாத்திப் போடக்கூடாது.

எட்டாம் வாட்
நான் செல்ல வந்தது வேற. விடுங்க.

ஒலுவில் காத்து
மெசினைக் கும்பிடுற ஆக்களுக்கு ஒரு கேள்வி. இம்பீடன்ஸ் முறையில (மின்தடை மாற்றத்தை வச்சு அணுவை எண்ணுறது) 2க்கும் 20க்கும் இடைப்பட்ட ஃபெம்டோலீட்டர் கன அளவில வாறதெல்லாம் பிளேட்லட்தான். இரும்புச்சத்துக் குறைஞ்ச பிள்ளையின்ட எம்.சி.வி (சிவப்பணுவின்ட சராசரிக் கன அளவு) 60க்குக் கீழ இருந்தா சின்னச் சிவப்பணுவும் உடைஞ்ச துண்டும் அந்த வரிசையில போய் நிக்கும். மெசின் 60,000 எண்டும், உண்மையில அரைவாசிதான் இருக்கும். மறுபக்கம் பெரிய பிளேட்லட்டைச் சிவப்பணு எண்டு தள்ளிவிடும். ஈ.டி.டி.ஏ.யில பிளேட்லட் கட்டி கட்டினா இன்னும் மோசம், சுகமா இருக்கிற ஆளுக்கு 30,000 எண்டு அடிக்கும். ஹிஸ்டோகிராமின்ட (மெசின் தாற அளவு வரைபடம்) வால் அடிக்கோட்டுக்கு வராம நிண்டா சிலைட் போடோணும், ஓரத்தில கட்டி இருக்கா எண்டு பாக்கோணும், கட்டி எண்டா சிட்ரேட் டியூப்பில திருப்பி எடுத்து 1.1ஆல பெருக்கோணும். இதையெல்லாம் ஆர் படிப்பிக்கிறது?

சம்மாந்துறை எம்எல்டி
ஒலுவில், நீங்க செல்றது எனக்குத்தான் சாதகம். சிலைட் பாத்தாலே போதும் எண்டு நீங்களே சொல்லிட்டீங்க. நூறு லென்ஸில பத்து வயல் (ஒரு தரம் தெரியிற வட்டம்) எண்ணி, சராசரியை 15,000ஆல பெருக்கினா மதிப்பு வந்துட்டு. சேம்பரும் வேணாம், 20 நிமிஷமும் வேணாம்.

ஒலுவில் காத்து
நான் அப்படிச் சொல்லல்ல.

வாவிக்கரையான்
20,000 உள்ள டெங்குகாரன்ட சிலைட்டில ஒரு வயலுக்கு ஒண்டு, சிலதில ஒண்டுமே இல்ல. அதில சராசரியா? சேம்பரில கேளுங்க. நடுச் சதுரம் 25 சின்னக் கட்டம், ஒரு சதுர மில்லிமீட்டர். எண்ணினதை 200ஆல பெருக்கினா மைக்ரோலீட்டருக்கு விடை. 20,000க்கு 100 பிளேட்லட் எண்ணுப்படும், பிழை 10% அளவில. உங்களை மாதிரி ஆக்கள் அஞ்சு கட்டத்தை எண்ணி 1,000ஆல பெருக்குவாங்க. அப்ப 20தான் எண்ணுப்படும், பிழை 22%. அதுக்கு மேல 5 நிமிஷக் குறைவு வேற. ரெண்டு பக்கமும் எண்ணோணும், 25 கட்டமும் எண்ணோணும், 20 நிமிஷம் வைக்கோணும்.

சம்மாந்துறை எம்எல்டி
“உங்களை மாதிரி ஆக்கள்” எண்டா? டிப்ளோமாக்காரர் எண்டு நேராச் செல்லுங்களன். ஈ.எஸ்.ஆர் (சிவப்பணு படியிற வேகம்) திரியில வெஸ்டர்கிரன் குழாய் 3 பாகை சரிஞ்சா அளவு 30% கூடும் எண்டதை நான் எழுத, பிறகு அதை உங்கட கண்டுபிடிப்பு மாதிரிப் போட்டீங்க. மறக்கல்ல.

வாவிக்கரையான்
அது எல்லாப் புத்தகத்திலயும் இருக்கு மச்சான். ரெண்டு வருஷத்தில படிச்சு முடிக்க நேரம் கிடைச்சிருக்காது.

கல்லடிப்பாலம்
இது தேவையில்லாத கதை அண்ணன். கொழும்பு எம்.ஆர்.ஐ.யில (மருத்துவ ஆராய்ச்சி நிலையம்) டிப்ளோமா படிச்சு வந்த ஆக்கள்தான் நாட்டில பாதி லெப்பைத் தூக்கிப் பிடிக்காங்க. டிகிரியில படிச்சு வந்ததுகளில பிப்பெட்டை வாயால இழுக்கக்கூடாது எண்டு மட்டும் தெரிஞ்சதும் இருக்கு.

சம்மாந்துறை எம்எல்டி
ஆங்! இதைச் செல்லுங்க!

இசட் ஸ்கோர் பிள்ளை
அண்ணன்மார், நான் உயிரியல் பிரிவு. பேராதனை, யாழ்ப்பாணம் எம்.எல்.எஸ் போடலாமா, இல்லாட்டி டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாமா? மருத்துவ சபைப் பதிவுக்கு ரெண்டும் சரியா?

வாவிக்கரையான்
எங்க போனாலும் தம்பி, சேம்பரை 20 நிமிஷம் வைக்கப் பழகு.

சம்மாந்துறை எம்எல்டி
பிள்ளை கேட்டது என்ன, இவர் செல்றது என்ன! 20 எண்டு ஓதிக்கொண்டே இருக்கார். நாநா, கச்சான் காலத்தில மின்விசிறி சுத்துற அறையில உங்கட சேம்பர் 20 நிமிஷம் நிண்டா ஓரம் காஞ்சு, திரவம் இழுபட்டு, பிளேட்லட் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்ல.

வாவிக்கரையான்
அதுக்குத்தானே ஈரத்தட்டு! முதல் பதிவை வாசிக்காமலா இவ்வளவு நேரம் கதைச்சீங்க? வடிதாளை நனைச்சு, மேல ரெண்டு குச்சி வச்சு, அதில சேம்பரை வச்சு மூடினா காயாது. விசிறி சுத்தினாலும் காயாது. காயுது எண்டா மூடி இல்லாத தட்டு.

சம்மாந்துறை எம்எல்டி
தட்டுக்குள்ள ஆவி கண்ணாடியில படிஞ்சு மங்கும். துடைக்கப் போனா கண்ணாடி அசையும்.

வாவிக்கரையான்
தாள் சொட்டச் சொட்ட நனைக்கச் சொன்னது ஆர்? பிழிஞ்சு போடோணும்.

ஒலுவில் காத்து
குச்சி வேணாம், வளைச்ச கண்ணாடிக் கோல் போதும்.

வாவிக்கரையான்
குச்சிதான் நல்லம். கோல் உருளும்.

ஒலுவில் காத்து
வளைச்ச கோல் எப்படி உருளும்?

இசட் ஸ்கோர் பிள்ளை
அண்ணன், பதிவு பற்றி...

சம்மாந்துறை எம்எல்டி
நான் டைமரை 5க்குத்தான் வைப்பன். விருப்பமில்லாத ஆள் என்ட ரிப்போர்ட்டை வாசிக்க வேணாம்.

வாவிக்கரையான்
வையுங்க. வச்சிட்டு, அதே சேம்பரை அசைக்காம 20ஆவது நிமிஷத்தில திருப்பி எண்ணி, ரெண்டு எண்ணையும் இஞ்ச போடுங்க.

சம்மாந்துறை எம்எல்டி
உங்களுக்கு எண்ணிக் காட்ட நான் சம்பளம் வாங்கல்ல.