உதவி: உரிமையாளர் இறந்த பிறகு கால இயந்திரம் என்ன செய்யும்? (நாளை இரவு கடைசி)

நொய்யல்கரை, வியாழன் இரவு 11:40
அவசரம். சிறுகதைப் போட்டிக்கு நாளை இரவு 12 மணிதான் கடைசி. கதையில் ஒரு கால இயந்திரம். அதற்கு உணர்வு உண்டு, பேசும். உரிமையாளர் இறந்துவிடுகிறார். அப்புறம் அது என்ன செய்யும் என்பதுதான் கதை. அங்கேதான் சிக்கிக்கொண்டேன். கால இயந்திரம்தானே, அவர் உயிரோடு இருந்த ஒரு நாளுக்குப் போய்விட்டால் தீர்ந்தது. அப்படியானால் இழப்பும் இல்லை, கதையும் இல்லை. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். யாராவது வழி சொல்லுங்கள்.

சட்டப்புள்ளி, 11:52
உயில் உண்டா? வாரிசு யார்? எந்த ஊர்? உயில் இல்லாத இந்துக் குடும்பம் என்றால் 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. பீரோ, கட்டிலோடு இயந்திரமும் பங்குக்கு வரும். இதைச் சொல்லாமல் "என்ன செய்யும்" என்று கேட்டால் எப்படி?

மின்னல்வெட்டு, 11:58
தானாகப் போகுமா, ஆள் உட்கார்ந்து ஓட்ட வேண்டுமா? எந்த வருடம் கட்டியது? கட்டிய வருடம் தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

ஆதிவாசகர், நள்ளிரவு 12:10
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கமே போய்விட்டது. தம்பி, முதலில் கொஞ்சம் இயற்பியல் படியுங்கள். காலத்தில் பின்னோக்கிப் போகும் பாதைகள் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குள்ளேயே இருக்கின்றன என்று 1949-லேயே கணித மேதை கியோடல் காட்டிவிட்டார். அடிப்படை தெரியாமல் அறிவியல் புனைவு எழுதினால் அது மாயாஜாலக் கதையாகத்தான் முடியும்.

நொய்யல்கரை, 12:31
மன்னிக்கவும், அவசரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். கோவை, பீளமேடு. மோட்டார் காயில் கட்டும் பட்டறை. 1987-ல் அங்கேயே இயந்திரத்தைக் கட்டினார். இறந்தது 2019. மனைவி முன்பே போய்விட்டார். ஒரே மகன், வெளிநாட்டில். பட்டறையைக் காலி செய்து எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறான். உயில் இல்லை. ஓட்ட ஆள் வேண்டாம், தானே போகும்.

மின்னல்வெட்டு, 12:44
1987 என்றதும் பாதி முடிச்சு அவிழ்ந்துவிட்டது. புழுத்துளையை, அதாவது வெளியிலும் காலத்திலும் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழியை, வைத்துப் போடும் கணக்குகளில், இயந்திரம் உருவான நாளுக்கு முன்னால் போக முடியாது. ஆக அதன் உலகம் 1987-ல் தொடங்குகிறது. அவருடைய சிறுவயது அதற்கு எட்டாது.

ரொனால்ட் மேலட் என்ற அமெரிக்க இயற்பியலாளரைப் பற்றிப் படித்துப் பாருங்கள். 1955-ல் அவருக்குப் பத்து வயது. டி.வி. ரிப்பேர் செய்யும் அப்பா 33 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். அப்பாவை மறுபடி பார்க்க வேண்டும் என்றுதான் இயற்பியலுக்கே வந்தார். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரும் ஆனார். லேசர் ஒளியைச் சுழலவிட்டுக் காலத்தை வளைக்க ஒரு வடிவம் போட்டார். மற்றவர்கள் அதில் கடுமையான குறைகள் சொன்னார்கள். அதை விடுங்கள், அது வேலை செய்தாலும் சுவிட்ச் போட்ட நாளுக்கு முன்னால் போக முடியாது. 1955 அவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. இதை முதலில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆதிவாசகர், 12:50
காலப் பயணமே நடக்காது என்ற கட்சியையும் சொல்லுங்கள். ஹாக்கிங் 2009 ஜூன் 28 அன்று கேம்பிரிட்ஜில் காலப் பயணிகளுக்கு விருந்து வைத்தார். விருந்து முடிந்த பிறகுதான் அழைப்பை வெளியிட்டார். ஒருவரும் வரவில்லை.

சட்டப்புள்ளி, 12:58
மகன் எடைக்குப் போட முடியுமா என்பதுதான் கதையின் நெஞ்சு என்பேன். நம் சட்டத்தில் இதற்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. கல்கத்தாவில் ஒரு குடும்பத்தின் குலதெய்வ மூர்த்தியை யார் வீட்டுக்கு எடுத்துப் போவது என்ற வழக்கு, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1925 தீர்ப்பு. மூர்த்தி தூக்கி எடுத்துப் போகும் சாமான் அல்ல, எங்கே இருப்பது என்பதில் அதன் விருப்பத்தையும் மதிக்க வேண்டும், அதற்காகப் பேச ஒருவரை நியமியுங்கள் என்றார்கள். உங்கள் இயந்திரத்துக்கு வாயே இருக்கிறது. யாராவது ஒரு வக்கீல் அதன் சார்பில் நிற்கட்டும்.

இரவுப்பணி, 1:15
ஜப்பானில் ஐபோ என்ற ரோபோ நாய்க்கு நடந்ததைப் பாருங்கள். சோனி 1999-ல் விற்கத் தொடங்கி, 2006-ல் நிறுத்தி, 2014-ல் பழுது பார்ப்பதையும் விட்டுவிட்டது. இசுமி என்ற ஊரில் கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலில் அவற்றுக்கு இறுதிச் சடங்கு செய்தார்கள். சடங்கு முடிந்ததும் பாகங்களைக் கழற்றி மற்ற நாய்களுக்குப் போட்டார்கள். உங்கள் இயந்திரமும் தன் பாகங்களைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

திண்ணைத்தமிழ், 1:22
நடுவில் ஒரு சந்தேகம். உணர்வு இருக்கிறது, பேசுகிறது, துக்கப்படுகிறது என்கிறீர்கள். அப்புறம் எல்லோரும் ஏன் "அது" என்றே எழுதுகிறோம்?

ஆதிவாசகர், 1:30
இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மக்கள் மட்டுமே உயர்திணை என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. நன்னூல் தேவரையும் நரகரையும் சேர்த்தது. இயந்திரம் அஃறிணை. முடிந்தது.

திண்ணைத்தமிழ், 1:41
முடியவில்லை ஐயா. உவப்பினால் திணை மாறலாம் என்று அதே நன்னூல் சொல்கிறது. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பதை உரைகாரர்களே எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். இலக்கணம் விட்ட இடத்தை நீங்கள் அடைக்காதீர்கள்.

ஆதிவாசகர், 1:49
அது வழுவமைதி, விதி அல்ல. பேசுகிறவர் பாசத்தைக் காட்டுகிறது, பசுவின் திணையை மாற்றவில்லை.

திண்ணைத்தமிழ், 1:53
பேசுகிறவரின் பாசம் கதைக்கு வேண்டாமா?

மின்னல்வெட்டு, 1:55
இலக்கணத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். அவருக்கு நாளை கடைசி நாள்.

தறிச்சத்தம், காலை 6:20
இப்போதுதான் பார்த்தேன். அவர்கள் சண்டையில்தான் உங்கள் கதை இருக்கிறது தம்பி. பட்டறைக்காரர் அதை "அவள்" என்றுதான் சொல்லியிருப்பார். "இன்னைக்கு அவளுக்கு மேலுக்கு முடியல" என்று. மகனுக்கு அது "அது". கடைக்காரருக்கு இத்தனை கிலோ. "அவள்" என்று சொல்ல ஊரில் இனி ஆள் இல்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஏன் திரும்பிப் போகவில்லை? 1987 முதல் 2019 வரை எந்த நாளில் போய் இறங்கினாலும் பட்டறையில் ஏற்கனவே அவள் இருக்கிறாள். அவர் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறார். இன்னொருத்தி வந்து நின்றால், தனியாக, அவர் அனுப்பாமல் வந்திருக்கிறாள் என்று அவருக்கு அந்த நொடியே விளங்கிவிடும். தான் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று. எந்த நாளுக்குப் போனாலும் அந்தச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் அவரைப் பார்க்க முடியாது.

அப்பாவின் டி.வி.எஸ். 50 நாலு வருடமாக எங்கள் வாசலில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. விற்கச் சொல்லாத ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பேன். அந்தச் சத்தத்துக்கு அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்ப்பாள். இன்னும்.

மின்னல்வெட்டு, 6:48
அக்கா, இது நான் போட்ட கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. போக முடிந்தும் போகவில்லை. என் இயற்பியலை நீங்கள் வெட்டிவிட்டாலும் பரவாயில்லை, நொய்யல்.

சட்டப்புள்ளி, 9:05
வக்கீலை மட்டும் வெட்டாதீர்கள்.

நொய்யல்கரை, வெள்ளி இரவு 11:51
அனுப்பிவிட்டேன். பட்டறையிலேயே நிற்கிறாள். வக்கீல் இல்லை, மன்னிக்கவும். தறிச்சத்தம் அக்காவுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. தூங்கப் போகிறேன்.

ஆதிவாசகர், சனி காலை 7:10
"நிற்கிறாள்" வழுவமைதிதான் என்பதைக் குறித்து வைக்கிறேன். கதை நல்லபடியாக வரட்டும்.

தறிச்சத்தம், ஞாயிறு காலை 8:30
அந்த மகன் கடைசியில் வந்தானா? பட்டறையைத் திறந்தானா? எங்கே படிக்கலாம் என்று சொல்லுங்கள் தம்பி.

தறிச்சத்தம், அடுத்த ஞாயிறு காலை 8:42
தம்பி, இருக்கிறீர்களா?