கேர்லெஸ், ஸ்லாப்பி, ஸ்லவன்லி: எதை எங்கே போடுவது?

அகராதியைப் புரட்டினால் இந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றுக்கும் 'கவனக்குறைவான', 'ஒழுங்கற்ற' என்றுதான் இருக்கும். அதை நம்பி எழுதினால் வாக்கியம் இடறும். சொல் எதன்மேல் ஒட்டும் என்று முதலில் பாருங்கள். கேர்லெஸ் கவனத்தைப் பற்றியது. விலாசத்தில் 17 என்பதை 71 என்று எழுதினால் 'கேர்லெஸ் மிஸ்டேக்'. கலைந்து கிடக்கும் அறையைக் கேர்லெஸ் என்று சொல்ல முடியாது. அது மெஸ்ஸி, கொஞ்சம் மென்மையாகச் சொன்னால் அன்டைடி. ஸ்லாப்பி இரண்டு பக்கமும் போகும், குழப்பமே அதில்தான்: 'ஸ்லாப்பி வொர்க்' ஏனோதானோ வேலை, 'ஸ்லாப்பி ஸ்வெட்டர்' தொளதொள ஸ்வெட்டர். வேலையை மட்டும் குறை சொல்ல ஸ்லிப்ஷாட். அள்ளித் தெளித்த அவசரக் கோலம் என்போமே, அதற்கு ஸ்லாப்டாஷ்.

——

தோற்றத்தைச் சொல்லும்போது, எத்தனை நாளாக அப்படி என்று கேட்டுக்கொண்டால் போதும். காற்றில் கலைந்த தலை டிஷெவல்ட், சீவிவிட்டால் சரியாகிவிடும். நாள்கணக்கில் சீப்பே படாத தலை அன்கெம்ப்ட். அதிலுள்ள 'கெம்ப்ட்' சீவியதைக் குறித்த பழைய சொல்தான். வெட்டாமல் விட்ட புல்தரைக்கும் அன்கெம்ப்ட் பொருந்தும், டிஷெவல்ட் அவ்வளவாகப் பொருந்தாது. ஸ்லவன்லி ஆளின் பழக்கத்தையே திட்டுவது. முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைதான். எழுத்தைப் பார்த்து 'ஸ்லோவன்லி' என்று படிக்காதீர்கள், 'லவ்' மாதிரி ஒலிக்க வேண்டும்.

——

நெக்லிஜென்ட் விட்டுப்போயிற்று. அலுவலகக் கடிதத்தில் இதை விளையாட்டாகப் போடக் கூடாது, சட்ட வாடை அடிக்கும். செய்தே ஆகவேண்டிய கடமை ஒன்று இருந்து, அதில் தவறினால்தான் நெக்லிஜென்ட். 1932-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்த்த டோனஹூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கும் இந்தக் கடமையைப் பற்றியதுதான்: பொருளைத் தயாரிப்பவருக்கு, அதைக் கடைசியில் பயன்படுத்துகிறவர் மீதும் பொறுப்பு உண்டு என்றது தீர்ப்பு. ரெக்லெஸ் இன்னும் ஒரு படி மேலே. கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினால் கேர்லெஸ். எதிரே லாரி வருவது தெரிந்தும் முந்தினால் ரெக்லெஸ்.

பின்னால் வரும் சொல்லும் மாறும்: 'கேர்லெஸ் வித் மணி', ஆனால் 'நெக்லிஜென்ட் இன் ஹிஸ் ட்யூட்டீஸ்'. நெக்லிஜிபிள் என்றால் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறியது. கடமை தவறிய ஆளுக்கு அதைப் போட்டால் ஆளே அற்பம் என்றாகிவிடும். கவலையில்லாத பிள்ளைப்பருவத்தைச் சொல்ல கேர்லெஸ் கூடாது, கேர்ஃப்ரீதான்.