போத்தலில் இருந்து இரண்டு போளை: விடை பொருந்தவில்லை, அவசரம்

திருமலை_தம்பி, இரவு 7.42
போத்தலில் 5 சிவப்பு, 3 நீலம், 2 பச்சைப் போளைகள். இரண்டு எடுத்தால் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் வருவதற்கான நிகழ்தகவு என்ன? மூன்று தரம் செய்துவிட்டேன், பிழை என்றே வருகிறது. நாளை காலை டியூஷனில் டெஸ்ட். யாராவது உடனே சொல்லுங்கள்.

உப்புவெளி_மிஸ்
தம்பி, உங்கள் விடை என்ன? புத்தகத்தில் என்ன இருக்கிறது? முதல் போளையைத் திருப்பிப் போட்ட பிறகா இரண்டாவதை எடுக்கிறீர்கள்? இது தெரியாமல் பிழை பிடிக்க முடியாது.

நிலாவெளி_ரூபன்
திருப்பிப் போடாததுதான் பிரச்சினை, பார்க்காமலே சொல்வேன். எங்கள் பெடியள் எல்லாரும் வழுக்கும் இடம் அது. கடை டொபிப் போத்தலை நினையுங்கள். சாப்பிட்ட டொபி திரும்பப் போத்தலுக்குள் வராது. இரண்டாவது தரம் பின்னத்தின் பகுதியில், அதாவது கீழே, 10 இல்லை, 9.

மூதூர்_கணக்கு
இல்லை, ஒழுங்கைத்தான் விட்டிருப்பார். சிவப்பு பிறகு நீலம், நீலம் பிறகு சிவப்பு, இரண்டு கிளை. மரவரிப்படம் கீறினீர்களா?

திருமலை_தம்பி
கீறவில்லை. 5/10 × 3/10 = 3/20 என்று செய்தேன். புத்தகத்தில் 1/3. கேள்வியில் 'மீண்டும் இடாமல்' என்று இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். ரூபன் அண்ணா சொன்னபடி 9 போட்டால் 1/6. மூதூர் அண்ணா சொன்னபடி 3/20 ஐ இரண்டால் பெருக்கினால் 3/10. இரண்டும் இல்லையே?

கோணமலை_மூத்தவர்
இங்கே எத்தனை தடவை சொல்லிவிட்டேன், அடிப்படை படித்துவிட்டு வாருங்கள். 1/6 தான் சரி, புத்தகத்தில் அச்சுப்பிழை. வரக்கூடியவை ஆறே வகை: சிவப்பு-சிவப்பு, சிவப்பு-நீலம், சிவப்பு-பச்சை, நீலம்-நீலம், நீலம்-பச்சை, பச்சை-பச்சை. ஆறில் ஒன்று. இரண்டு வழியிலும் 1/6 வருகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்?

உப்புவெளி_மிஸ்
ஐயா, அது தற்செயலாகப் பொருந்தியது. உங்கள் கணக்குப்படி பச்சை-பச்சை வருவதும் 1/6 ஆகிவிடும். போத்தலில் பச்சையே இரண்டுதான்! போளைகளுக்கு 1 முதல் 10 வரை இலக்கம் எழுதிப் பாருங்கள். மொத்தச் சோடிகள் 10 × 9 ÷ 2 = 45. அதில் பச்சைச் சோடி ஒன்றே ஒன்று. சிவப்பு-நீலச் சோடிகள் 5 × 3 = 15. ஆகவே 15/45, அதாவது 1/3.

கோணமலை_மூத்தவர்
போளைகள் சர்வசமனானவை. இலக்கம் எழுத உங்களுக்கு யார் அனுமதி தந்தது?

மூதூர்_கணக்கு
சர்வசமன் என்று போடுவது, கையால் தடவி நிறம் கண்டுபிடிக்க முடியாது, எல்லாப் போளைக்கும் சம வாய்ப்பு என்பதற்காக. ஐந்து போளை ஐந்துதான். வகைகளை எண்ணிப் பெரிய கணிதவியலாளரே சறுக்கியிருக்கிறார். நாணயத்தை இரண்டு தரம் சுண்டினால் ஒரு தலையாவது விழ 2/3 என்று டி'அலம்பேர் 1754 இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதினார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, எனவே தலை, பூ-தலை, பூ-பூ என்று மூன்றே நிலை என்பது அவர் வாதம். அந்த மூன்றுக்கும் சம வாய்ப்பு இல்லை. சரியான விடை 3/4.

நிலாவெளி_ரூபன்
சரி, இரண்டையும் ஒரே பிடியில் அள்ளினால்? அப்போது ஒழுங்கே இல்லையே, இரண்டால் எப்படிப் பெருக்குவது?

உப்புவெளி_மிஸ்
நல்ல கேள்வி. ஒரே பிடியில் அள்ளினாலும் அதே 45 சோடிகள், அதே 1/3. அங்கே பெருக்கத் தேவையில்லை, 15/45 என்று நேரே எண்ணலாம். ஒவ்வொன்றாக எடுத்தால் கிளைகளைக் கூட்டுங்கள்: 5/10 × 3/9, அதோடு 3/10 × 5/9. 1/6 + 1/6. தம்பி, ரூபன் சொன்ன பிழையும் மூதூர் சொன்ன பிழையும் இரண்டுமே உங்களிடம் இருந்தன. ஒன்றை மட்டும் திருத்தியதால்தான் விடை வரவில்லை.

திருமலை_தம்பி
வந்துவிட்டது. நன்றி மிஸ், அண்ணாமாருக்கும். மரவரிப்படம் கீறிப் படிக்கிறேன்.

உப்புவெளி_மிஸ்
இரண்டும் ஒரே நிறமாக வருவதற்கும் செய்து பாருங்கள். 14/45 வராவிட்டால் இரவு பத்து மணிக்குள் எழுதுங்கள், இருப்பேன்.